ராணிக்காது

"ஏளா, பேச்சே வரலியா? தென்காசியில பஸ் ஏறுனதுலருந்து வாய் மூடாம வந்தியே!"

பொன்னருவி தொண்டையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். "தொண்ட கட்டிக்கிட்டு அத்தே" என்று வெறும் காற்றாகச் சொன்னாள்.

"பேசுற அன்னைக்குப் பாத்தா கட்டணும்?" ஆவுடையம்மாள் பையைத் துழாவி ஒரு பிடி பனங்கற்கண்டை எடுத்து, இன்னும் பன்னிரண்டு நாளில் மருமகளாகப் போகிறவளின் உள்ளங்கையில் கொட்டினாள். "ஒண்ண வாயில அடக்கிக்க. நம்ம முறை வரதுக்குள்ள சரியாயிரும்."

வரிசையில் முன்னால் இன்னும் பதினோரு பேர்.

சிற்றாற்றுக்கோட்டை அரண்மனைக்கு ஒருநாள் சுற்றுலா வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஆயுதசாலையையும் பார்ப்பதில்லை, தந்தப் பல்லக்கையும் பார்ப்பதில்லை. நேராக அந்தப்புரத்துக் கோடிச் சுவருக்குத்தான் ஓட்டம். அதில் ஆள் முக உயரத்தில் ஒரு துளை. பெயர் ராணிக்காது. ராணி உமையாள் நாச்சியார் சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, அந்தத் துளை வழியாகத்தான் ஜனங்களின் முறையீட்டைக் கேட்டுப் பதிலும் சொன்னாராம். அவர் போய் இருநூற்றெழுபது வருஷமாகியும் பழக்கம் போகவில்லை. நந்தி காதில் சொல்வதுபோல, வருகிறவர்கள் எல்லாம் துளையில் வாயை வைத்து வேண்டுதலைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வினை அங்கேதான். பொங்கலுக்குப் பொங்கல் அந்தச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பு நம் மூச்சில் இருக்கும் கரியமில வாயுவைக் குடித்துத்தான் கல்லாக இறுகுகிறது. அப்படி இறுகும்போது, மூச்சோடு வந்த குரலின் அதிர்வும் உள்ளே உறைந்துபோகிறது என்று கண்டுபிடித்தார்கள். வருஷத்துக்கு ஒரு பூச்சு, பூச்சுக்குள் அந்த வருஷத்துக் குரல்கள். அதைப் படிக்க வந்ததுதான் குரலகழ்வி. ஜனங்கள் வைத்த பெயர் குரல்தோண்டி. அதன்முன் நின்று உங்கள் பெயரைச் சொன்னால் போதும். ஒளியூசி ஒன்று பூச்சு பூச்சாக உள்ளே இறங்கி, உங்கள் குரலின் இழை எங்கே இருக்கிறது என்று தேடி, கிடைத்ததை ஒலிபெருக்கியில் போட்டுவிடும். குரல் இழை ரத்தவழியில் இறங்குமாம். ராணியின் வாரிசைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

போதாதா? ஊரில் யாரைக் கேட்டாலும் அரண்மனை வாரிசு. ஆவுடையம்மாள் கல்யாண போர்டில் அந்த இரண்டு வார்த்தைக்கு இடமே விட்டுவைத்திருந்தாள்.

"எங்க ஆச்சி மூக்கும் அந்தச் சுவத்துப் படத்துல இருக்க ராணி மூக்கும் ஒண்ணு" என்றாள் மகனிடம்.

"மூக்கால பேச முடியாதும்மா" என்றான் தளவாய். பொன்னருவியைப் பார்த்துக் கண்ணடித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னால் ஒரு வழுக்கைத்தலைக்காரர் தன் பெயரைச் சொன்னார். எந்திரம் கொஞ்சம் முனகிவிட்டு, அவருடைய குரலையே இளசாக்கிக் கொடுத்தது. "ராணியம்மா, குரூப் டூ பாஸாயிரணும். பக்கத்து வீட்டு முருகையா மட்டும் பாஸாயிரக் கூடாது." கூடம் முழுக்கச் சிரித்தது. வரிசையில் நின்ற முருகையாதான் சிரிக்கவில்லை.

பொன்னருவி வரிசையில் ஓரடி பின்னால் நகர்ந்தாள். மாசியில் அலுவலகத் தோழிகளோடு இங்கே வந்திருந்தாள். நிச்சயமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை அப்போது. தளவாயை இரண்டே தடவை பார்த்திருந்தாள். ராணிக்காதில் வாயை வைத்துச் சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது: "இந்தக் கல்யாணம் எப்படியாவது நின்னுரணும் ராணியம்மா. எது கேட்டாலும் அவன் அவங்கம்மா மொகத்தையே பாக்கான்."

பிறகு பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டது. தன் அம்மா தடுத்தும் கேட்காமல் தினமும் வாசலில் நுங்கு வைத்துவிட்டு, வேப்பிலைக்கு அந்தப்பக்கம் நின்று ஒரு மணிநேரம் பேசிவிட்டுப் போனான் தளவாய். இப்போது இந்தக் கல்யாணம் நின்றால் தாங்கமாட்டாள். குரல்தோண்டி வந்ததோ வைகாசியில்.

"அடுத்து வாங்க" என்றாள் எந்திரத்தை ஓட்டும் ஜெசிந்தா.

"போ தாயி, ஒங்க வழியிலயும் வாரிசு இருந்தா போர்டுக்கு நல்லதுதான. பேரைத்தான சொல்லணும். அண்ணாக்குல இருந்து சொல்லு, வந்துரும்" என்றாள் ஆவுடையம்மாள்.

பொன்னருவி வாயைத் திறந்தாள். கற்கண்டை மென்று விழுங்கி, கண்ணில் நீர் வர இருமினாள்.

"சரி சரி, நீ நில்லு. நானே சொல்லுதேன். ரத்தம் எங்க வழியிலதான வரணும்!" ஆவுடையம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். "ஆவுடையம்மாள்!"

ஒளியூசி இறங்கியது. பத்து பூச்சு, இருபது பூச்சு. திரையில் வருஷம் பின்னால் போகப் போக ஆவுடையம்மாளின் முகம் மலர்ந்தது. முப்பத்திரண்டாவது பூச்சில் ஊசி நின்றது. அவளுக்கு முகம் சுருங்கியது.

ஒரு சின்னப் பெண்ணின் குரல் கூடத்தில் விசும்பியது. "ராணியம்மா, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம். கல்யாணத்த நிப்பாட்டிரு. ஒனக்கு நூத்தியெட்டு எண்ணெய் விளக்கு போடுதேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தளவாய் அம்மாவையே பார்த்தான்.

"எந்த எந்திரத்துக்குத்தான் கோளாறு வராது?" என்றாள் ஆவுடையம்மாள். பிறகு மெதுவாக, "லேய், ஒங்கப்பாட்ட சொல்லிறாத" என்றாள்.

"மூணு மாசமா ஓட்டுதேன்க்கா" என்றாள் ஜெசிந்தா ஆறுதலாக. "இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ராணி கிடைக்கல. அவங்கவங்கதான் கிடைக்காங்க."

ஆவுடையம்மாள் திரும்பிப் பொன்னருவியைப் பார்த்தாள். கழுத்தைப் பிடித்திருந்த கையையும், துளைப் பக்கமே திரும்பாத கண்ணையும் பார்த்தாள்.

"தொண்டை கட்டுனா பேசவே கூடாது தாயி" என்றாள். "கல்யாணம் முடியட்டும். அப்புறமும் இங்க வர வேண்டாம்."

பொன்னருவி அப்போதுதான் கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

"சார், நீங்க?" என்றாள் ஜெசிந்தா.

"அவன் இந்த அரண்மனைப் பக்கமே வந்ததில்ல" என்றாள் ஆவுடையம்மாள். "அவனுக்கென்ன பயம், சொல்லட்டும்."

தளவாய் எந்திரத்தின் முன் போய் நின்றான். வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. துளையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பொன்னருவியைப் பார்க்காமல் அவள் பக்கம் கையை மட்டும் நீட்டினான்.

"அந்தக் கற்கண்டுல ஒண்ணு குடேன்" என்றான், வெறும் காற்றாக. "எனக்கும் கட்டிக்கிட்டு."

பின்னால் வரிசை நெருக்குகிறது. பொன்னருவியின் உள்ளங்கையில் கற்கண்டு பிசுபிசுக்கிறது. கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா, இல்லை, பெயரைச் சொல்லு என்று நிற்கலாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்களேன்?