வரைந்து வைத்த விரல்

"கதவச் சாத்துங்க... வெளக்கு போச்சு பாருங்க."

மழைக்கு ஒதுங்க வந்தவளுக்கு இதுவா வரவேற்பு? முனிலட்சுமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எண்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழை, கம்பெனி பஸ்ஸைக் காணோம், ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே திறந்திருந்தது அந்த ஒரு ஸ்டுடியோ கதவுதான். உள்ளே கும்மிருட்டு. அணைந்த திரியின் புகை மூக்கில் ஏறியது.

"உங்களைக் கேட்டுக்கிட்டா மழை பெய்யுது?" என்றாள்.

"மழைய யாருங்க சொன்னா? கதவத்தான் சொன்னேன்."

தீக்குச்சி உரசியது. வெளிச்சத்தில் ஒரு முகம்... அதில் கோபப்பட முயன்று, தோற்று, சிரித்துவிட்ட இரண்டு கண்கள். அவள் சட்டென்று குனிந்துகொண்டாள். முந்தானைக்குள் இருந்த வலது கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவன் பெயர் ஆஞ்சப்பன். கல்யாண வீடுகளில் படம் பிடித்துப் பிழைப்பவன். ஆனால் அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பேர்பெற்ற ஓவியங்களை, ஆளை நிறுத்தி, அதே சேலை கட்டவைத்து, அப்படியே கேமராவில் எடுப்பான். பெங்களூர்ப் போட்டி ஒன்றுக்காக அன்று அவன் எடுக்க நினைத்தது மைசூர் அரண்மனைப் படக்கூடத்தில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் யார்? நிற்க ஒப்புக்கொண்டிருந்த பெண்தான் மழையில் வரவில்லை.

"பஸ்ஸு வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் நில்லுங்களேன். ஒரு கையில வெளக்கு... இன்னொரு கையால காத்து படாம மறைக்கணும். அவ்வளவுதான்."

"வேற ஆளப் பாருங்க."

"அணைச்சது நீங்கதானே? நீங்களே புடிங்க."

அவள் மெல்லக் கையை வெளியே எடுத்தாள். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. போன வருஷம் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் போனது. அவன் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை... ஐயோ பாவம் என்றுகூடச் சொல்லவில்லை. "தலைய இத்தனூண்டு சாய்ங்க" என்றான். அந்த ஒரு மௌனத்துக்கே அவளுக்கு அவன்மேல் ஆசை வந்துவிட்டது. ஆசைக்கு நேரமா காலமா, அது பாட்டுக்கு வந்து தொலைக்கும்.

படம் ஸ்டுடியோ வாசல் ஷோகேஸுக்கு வந்தபோது அவள் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தாள். முழு விரல்! மெல்லிய பிரஷ்ஷால் பாதி விரலை வரைந்து சேர்த்திருந்தான். ஸ்டுடியோக்காரர்களுக்கு இது சகஜம்தான். பருவை அழிப்பார்கள், ஒட்டிய கன்னத்தை நிரப்புவார்கள்.

"டச்சிங் பண்ணது தப்பாங்க? சொல்லுங்க, எடுத்துடறேன்" என்று அவனே வெளியே வந்து கேட்டான்.

அவள் கண்ணாடிக்குள் இருந்த கையையே பார்த்தாள். "இருக்கட்டும்... விடுங்க."

அதற்குப் பிறகு வேலை விட்டு வரும்போதெல்லாம் அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அவனும் டீ வாங்கித் தருவான், வாய்க்கு வாய் பேசுவான். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு என்று நினைத்தாள்.

அதே ஷோகேஸில் படத்தைப் பார்த்துத்தான் சூளகிரியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அண்ணன் கோவிந்தப்பன் வாயெல்லாம் பல்லாக அழைத்து வந்தான். காபி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். உடனே புருஷனிடம் தெலுங்கில் பேசினாள். படத்தில் விரலைக் காட்டி ஊனத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறார்களாம். ஓசூரில் தெலுங்கு புரியாத காது ஏது? தெருவே கேட்டது.

கோவிந்தப்பன் அவளை இழுத்துக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனான்.

"யாரக் கேட்டுடா எந்தங்கச்சிக்கு விரல் வரைஞ்ச?"

ஆஞ்சப்பன் அவளை ஒரு தரம் பார்த்தான். ஒரே தரம். அவள் தரையைப் பார்த்தாள்.

"தப்பு என்னுதுதாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

பளீரென்று அறை விழுந்தது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

சீ, நானும் ஒரு பொம்பளையா என்று அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போட்டிக்கு அனுப்பிய படத்தை அவன் திரும்ப வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டாள். பொய்ப் படக்காரன் என்று பேராகி, கல்யாண வீடுகளும் அவனைக் கூப்பிடுவதை விட்டுவிட்டன. அவள் ரோட்டின் அந்தப் பக்கமாகவே நடந்தாள். அங்கிருந்து பார்த்தாலும் காலி ஷோகேஸ் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டு நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்து, அண்ணனை அங்கே அழைத்துப் போனாள். ஆஞ்சப்பன் வாசலில் நின்றிருந்தான். பக்கத்து டீக்கடைக்காரர் திம்மப்பனும் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, அந்த விரல எடுத்துடறேன்னு அவரு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்டி?"

"பாக்க ஆசையா இருந்துச்சு." ஆஞ்சப்பன் பக்கம் திரும்பினாள். "இவரு மேலயும் ஆசையா இருந்துச்சு. அடி வாங்கிக் குடுத்துட்டு இப்ப சொல்றேன்... செத்துடலாம் போல வெக்கமா இருக்கு."

கோவிந்தப்பன் அறைந்த தன் கையையே ஒரு தரம் பார்த்தான். பிறகு டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான்.

ஆஞ்சப்பன் வாசற்படி இறங்கி வந்தான். "வெக்கம் எனக்கும் இருக்குங்க" என்றான். "அன்னிக்கு விரலப் பாத்தும் ஒண்ணும் கேக்கலை இல்ல... நல்ல மனசுன்னு நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் இல்ல. கேட்டா கைய உள்ள இழுத்துக்குவீங்க, படம் போயிடும்னுதான் கேக்கலை. அப்ப எனக்குப் படந்தான் பெருசு. அப்புறம் நீங்க தினம் வந்தீங்க... ஆசையும் வந்துச்சு. அதுக்கு மேல எந்த மூஞ்சிய வச்சு விரலப் பத்திக் கேக்கறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாக அந்த மௌனத்தைத்தானே பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்? அவன் கண்களைப் பார்த்தாள். இந்தத் தடவை அவன்தான் குனிந்திருந்தான்.

"இப்பக் கேளுங்க" என்றாள்.

"என்னத்த?"

"அன்னிக்குக் கேக்காம விட்டத."

அவன் நிமிர்ந்தான். ஊர் பார்க்க, அண்ணன் பார்க்க, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டான்.

"ரொம்ப... வலிச்சுதா லட்சுமி?"

அதுவரை யாருமே அவளிடம் அதைக் கேட்டதில்லை. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொள்ளாமலே அழுதாள்.