ஐ வாஷ் என்றால் என்ன?

கார்வேட்டிநகரத்தில் இருக்கும் ஜெயகுமாரி அத்தை, சித்தூர் பஸ் என்று நினைத்துப் புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் போர்டில் இருந்த எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. தையல் வேலை செய்கிறவளுக்கு இப்போது ஊசியில் நூல் கோர்க்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் இலவசக் கண் முகாம் என்றார்கள்.

"அத்தைய கூட்டிக்கினு போலாமா நைனா?" என்று கேட்டாள் லீனா.

"அதெல்லாம் சும்மா ஐ வாஷ்மா," என்றார் அப்பா எர்னஸ்ட்.

லீனா யோசித்தாள். ஐ என்றால் கண். வாஷ் என்றால் கழுவுவது. கண் முகாமில் கண்ணைக் கழுவினால் நல்லதுதானே? நைனா ஏன் இவ்வளவு சலித்துக்கொள்கிறார்?

அவள் அத்தையிடம் போய்ச் சொன்னாள். அத்தை பயந்துவிட்டாள்.

"எத்தப் போட்டுக் கழுவுவாங்க?"

"தெர்ல அத்தை. சோப்பா இருக்கும்."

"சோப்பா? நான் வரமாட்டேன் போ."

"நான் கேட்டுக்கினு வரேன். சோப்பு இல்லன்னா நீ வரணும்."

சர்ச் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். திருப்பதியிலிருந்து வந்திருந்த டாக்டர் ரூபா, வரிசையில் வந்தவர்களின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே அவருடைய உதவியாளர் ரமணா ஒரு போட்டோ எடுத்தார். அவ்வளவுதான், அடுத்த ஆள்.

"டாக்டரம்மா, கண்ண எத்தப் போட்டுக் கழுவுவீங்க?" என்று கேட்டாள் லீனா.

"கழுவறதா? யார் சொன்னது?"

"எங்க நைனா. இது ஐ வாஷ்னு சொன்னாரு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரமணா இருமினார். டாக்டரின் முகம் வாடியது. லீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தப்பா கேட்டுட்டனா?"

"இல்லம்மா. ஐ வாஷ்னா கண்துடைப்பு."

"அப்போ கழுவிட்டுத் துடைப்பீங்களா?"

இப்போது டாக்டருக்கே சிரிப்பு வந்தது. "கழுவறதும் இல்ல, துடைக்கிறதும் இல்ல. வேலையே செய்யாம, செஞ்ச மாதிரி காட்டறது."

"போன வருசம் வந்தவங்க போட்டோ மட்டும் எடுத்துக்கினு போனாங்களே, அதுவா?"

"ஆமா."

"இன்னைக்கும் அதுதானா?"

டாக்டர் டார்ச்சைக் கீழே வைத்தார்.

"ரமணா, வேன்ல லென்ஸ் பெட்டியும் எழுத்துப் பலகையும் இருக்கு. கொண்டு வாங்க."

"மேடம், மத்தியானம் திருப்பதியில இன்னொரு முகாம் இருக்குது."

"லேட்டாகும்னு போன் பண்ணிடுங்க."

லீனா ஓடினாள். "அத்தை, சோப்பு இல்ல. வா."

வரிசை மெல்லத்தான் நகர்ந்தது. இருவரையும் தேடிக்கொண்டு வந்த அப்பா, நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அத்தையின் முறை வந்தது. டாக்டர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு லென்ஸ் போட்டதும் அத்தை பலகையை விட்டுவிட்டு லீனாவையே பார்த்தாள்.

"உன் மூக்கு மேல மச்சம் இருக்குதாடி?"

"பொறந்ததுலேர்ந்து இருக்குது அத்தை," என்றாள் லீனா.