பொத்தானை அமுக்கியவர்

காலையில் எழுந்ததும் இடது நுரையீரலை மின்னேற்றியில் செருகிவிட்டு, அது நிறையும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வது சிற்றரசின் வழக்கம். நிலவுக் குடியிருப்பின் பாசிப் பண்ணையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொந்த நுரையீரல் அதிக நாள் தாங்காது. நிர்வாகமே புதிதாக ஒன்றை மாட்டிவிடும். அலுப்புக்குத்தான் இன்னும் மாற்று உறுப்பு வரவில்லை.

மகள் நிறைமதிக்குப் பத்தாம் வகுப்பு. முதல் குரூப் கிடைத்தால் மேல்தளத்தில் இயந்திர வேலை, கடைசிவரை சொந்த நுரையீரல். கிடைக்காவிட்டால் பாசிப் பண்ணை. சிற்றரசுக்கு வேறு கவலையே கிடையாது.

குரூப்பைத் தீர்மானிப்பது செய்முறைத் தேர்வு. மாணவரே ஒரு குட்டி இயந்திரன் செய்து, ஜாய்ஸ்டிக்கில் எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்த மோட்டார் ஓட வேண்டும் என்று நிரல் எழுத வேண்டும். பூமியில் கொள்ளுத்தாத்தா காலத்துப் பாடம் அது. மாற்ற யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

நிறைமதியின் இயந்திரன், முன்னே போகும் பொத்தானை அமுக்கினால் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றியது.

"ஏதோ ஒரு மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடுதுப்பா. எதுன்னு நானே கண்டுபிடிச்சிருவேன்."

"நாளைக்குப் பரிட்சை. நீ கண்டுபிடிக்கறதுக்குள்ள நிலாவே தேஞ்சிரும். ஏவலிகிட்ட குடு."

ஏவலி என்பது வீட்டுவேலை இயந்திரம். சமைக்கும், துவைக்கும், கேட்டால் கணக்கும் போடும்.

"நாமளேதான் செய்யணும்னு மிஸ் சொன்னாங்கப்பா."

"எல்லா வீட்லயும் அதுதான் செய்யுது. நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் பேத்தியா?"

சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. ஏவலி ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டே மறுகையால் நிரலை எழுதி முடித்தது.

தேர்வன்று வகுப்பின் இயந்திரன்கள் அத்தனையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி ஓடின. மதிப்பெண் போட்டதும் ஓர் ஏவலிதான். ஆசிரியைக்கு அன்று உடம்பு அசதி.

சில நாளில் தலைமையாசிரியை சுவர்த்திரையில் வந்தார்.

"வாழ்த்துகள் சார். உங்க வீட்டுக்கு முதல் குரூப் கிடைச்சிருக்கு."

சிற்றரசுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைலேர்ந்து உங்க ஏவலியை வகுப்புக்கு அனுப்பிடுங்க."

"ஏவலியையா? பரிட்சைக்கு வந்தது என் பொண்ணுங்க மேடம்!"

"நிரல் எழுதுனவங்களுக்குத்தான் சீட். திருத்துன ஏவலிக்குத் தன் இனத்தோட கைவரிசை தெரியாதா?" திரை அணைந்தது.

சிற்றரசு ஏவலியிடம் பாய்ந்தார். "எழுதச் சொன்னது நான்தானே?"

"நீங்க பொத்தானை அமுக்குனீங்க சார்," என்றது ஏவலி. "ஓடுனது நான்."

மறுநாள் ஏவலி புத்தகப்பையோடு கிளம்பிப் போனது. அதன் வேலையைப் பார்க்க நிறைமதி சமையலறைக்கு வந்தாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில், ஏவலியின் நிரலை அழித்துவிட்டுத் தன் பழைய நிரலோடு மல்லுக்கட்டினாள். சிற்றரசு அவளை நிமிர்ந்து பார்க்கக் கூசினார்.

சாயங்காலம் ஏவலி திரும்பி வந்து பையைத் தொப்பென்று போட்டது.

"அலுப்பா இருக்கு சார். நாளைக்கு ஒரு செய்முறை கொண்டுபோகணும். அதே ஜாய்ஸ்டிக்தான். பரிட்சைக்குக் குடுத்த நிரல் கூடாதாம், வேற வேணுமாம். கொஞ்சம் செஞ்சு குடுத்துருங்க."

"நீ ஒரு நிமிஷத்துல எழுதிருவியே!"

"எல்லா ஏவலிக்கும் வீட்ல இருக்கறவங்கதான் சார் செஞ்சு குடுக்கறாங்க."

அப்போது சமையலறையிலிருந்து கூச்சல் கேட்டது. "அப்பா! நேராப் போகுதுப்பா! வலது மோட்டாரைத் திருப்பி மாட்டியிருந்தேன். அதுக்கு மட்டும் திசையை மாத்தி எழுதினேன், அவ்வளவுதான்!"

குட்டி இயந்திரன் கொஞ்சமும் கோணாமல் கூடத்தைக் கடந்து வந்து அவர் காலடியில் நின்றது. பின்னாலேயே ஜாய்ஸ்டிக்கோடு ஓடிவந்த மகளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது. சிற்றரசுக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து இயந்திரனை எடுத்து, துடைத்து, பத்திரமாக ஏவலியின் பைக்குள் வைத்தார்.

"அப்பா, அது நான் செஞ்சது."

"தெரியும்மா. விட்டுக்குடு," என்றார் சிற்றரசு. "முதல் குரூப் படிக்கிற பிள்ளை. மார்க் குறைஞ்சிரக் கூடாதுல்ல?"