ஒரு மூட்டைக் கூந்தல்

வரப்பின்மீது அவள் தூவியிருந்த முடி, விடிந்து பார்க்கையில் வரப்பின்மீது இல்லை. சற்று உள்ளே தள்ளி, மக்காச்சோளத்தின் முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் இடையில், நேற்று மாலை அவள் கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்துப் போட்ட அதே முடி, இப்போது சிக்கெடுத்து வாரிவிட்டதைப் போல ஒரே திசையில் படிந்து, நிலத்தைச் சுற்றிலும் ஒரு கருங்கோடாக ஓடிக்கொண்டிருந்தது. காற்று தள்ளியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் இரவு முழுவதும் நிலத்துக் காவல் பரண்மீது விழித்திருந்தவள் அவள்தான். இலை அசையும் அளவுக்குக்கூடக் காற்று இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியே அடித்திருந்தாலும், நான்கு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் உள்நோக்கி அடிக்கும் காற்று எங்கே உண்டு?

கோட்டுக்கு வெளியே காட்டுப்பன்றிகளின் குளம்படிகள் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே வந்திருந்தது. வரப்புவரை வந்த தடங்கள், மண்ணை ஒரு பிடிகூடக் கிளறாமல், ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடியிருந்தன. உள்ளே ஒரு சோளத்தட்டைகூடச் சாய்ந்திருக்கவில்லை. அதைக் கண்டதும் முடி இடம் மாறிய கதை அவளுக்கு மறந்தே போயிற்று. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

சென்ற இரண்டு போகத்தையும் பன்றிகள்தாம் அறுவடை செய்தன. கதிர் பால்பிடிக்கும் பருவம் பார்த்து வந்து, ஒன்றையும் முழுதாகத் தின்னாமல், கடித்துத் துப்பிவிட்டு அடுத்ததைச் சாய்த்துக்கொண்டு போயின. அவள் தகரம் தட்டினாள், பழைய துணிகளை வேலியெங்கும் கட்டினாள், இரவெல்லாம் விளக்கெரித்தாள். எல்லாவற்றுக்கும் சில நாட்கள் மிரண்டன, பிறகு பழகிக்கொண்டன. கடைசியில் பொறுக்கமாட்டாமல் கணவன் கம்பை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றபோது, கிழட்டு ஆண்பன்றி ஒன்று தன் கோரைப்பல்லால் அவன் தொடையைக் கிழித்துவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து நிலத்தின் நடுவே நிற்கும் அந்த வீட்டின் முன்னறைக் கட்டிலில், ஆறாத புண்ணோடு அவன் கிடக்கிறான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். வீட்டில் இருந்ததெல்லாம் கரைந்துபோயிற்று. மிச்சம் இந்தச் சோளம் ஒன்றுதான். இது நின்றால் அவன் நிற்பான். இது சாய்ந்தால் அவனும் சாய்ந்தான்.

பன்றிக்குக் கண் மந்தம், அதற்கு எல்லாமே மூக்குத்தான். மோந்துகொண்டே வரும்போது மனித முடி மூக்கில் ஏறினால் மூச்சுமுட்டி ஓடிவிடும் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவள் கடைத்தெருவில் இருந்த சலூனுக்குப் போனாள்.

"முடிக்கு நான் எங்கம்மா போவேன்? ஊர்ல பாதிப் பேருக்கு வழுக்க. மீதிப் பேரு கழுத்துவரைக்கும் வளத்துக்கிட்டுத் திரியறானுங்க. கெடைக்கிற கொஞ்சத்தையும் உங்க பக்கத்து நிலத்துக்காரரு வந்து வழிச்செடுத்துட்டுப் போயிடறாரு" என்றார் சலூன்காரர்.

"ஒரு பையாவது குடுங்கண்ணே. கதிர் பால்பிடிச்சிருச்சு."

"இனிமே என் தலையிலதான் பிடுங்கணும். அங்கயும் நாலு முடிதான் மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. பின்னறையின் திரை விலகியிருந்த இடைவெளியில், சுவரோடு சாய்ந்து நின்ற ஒரு மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னண்ணே?"

சலூன்காரர் சீப்பைத் துடைப்பதை நிறுத்தினார். "அத விடுங்க. அது நான் வெட்டுனதில்ல. இந்தக் கடைய எடுத்தப்பவே உள்ள இருந்துச்சு."

"முடிதானே?"

"முடிதான். எல்லாம் ஒரே நீளம், ஒரே கருப்பு. பாத்தா ஒரே பொம்பளையோட கூந்தல் மாதிரிதான் இருக்கு. ஆனா ஒரு தலையில ஒரு மூட்டை முடி எப்படிம்மா வரும்?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த ரூம்ல எலித் தொல்ல தாங்கல. துண்டு, சோப்பு எதையும் விடாது. அந்த மூட்டப் பக்கம் மட்டும் ஒரு எலி போனதில்ல. வேணும்னா பாருங்க, ஒரு சின்ன ஓட்டை இருக்கா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்திருப்பார். அவள் பயிர் வைத்தவள். எலி தொடாததைப் பன்றியும் தொடாது என்றுதான் அவள் மனம் கணக்குப் போட்டது.

"எனக்கு அதான் வேணும்ண்ணே" என்றாள்.

அன்று மாலை வரப்பில் வைத்து அவிழ்த்தபோது, ஈரத் தலையைத் துவட்டாமல் முடிந்துவைத்தால் எழும் புளித்த வாடை மூட்டையிலிருந்து எழுந்தது. அந்த வாடை பிறகு அவள் விரல்களை விட்டுப் போகவேயில்லை.

நாளுக்கு நாள் கோடு உள்ளே வந்தது. ஒவ்வொரு விடியலிலும் இன்னும் சில வரிசைகளைக் கடந்து, வட்டம் சுருங்கச் சுருங்க முடி அடர்ந்து, முதலில் நூலாக இருந்தது கயிறாகி, கயிறாக இருந்தது பின்னலாகிக் கிடந்தது. பன்றிகள் வரப்பைக்கூட நெருங்கவில்லை. கிளிகள் வரவில்லை. அணில் வரவில்லை. அவர்கள் வளர்த்த நாய் வண்டிப்பாதையில் போய் உட்கார்ந்துகொண்டு, சோற்றைக் காட்டி அழைத்தும் எழாமல், வீட்டைப் பார்த்து முனகிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் எங்கோ போய்விட்டது. இரவில் பரண்மீது படுத்திருக்கும்போது, ஒரு பூச்சியின் ரீங்காரம்கூட இல்லாத அந்த அமைதிக்குள், மண்ணோடு மண்ணாக ஏதோ இழுபடும் மெல்லிய சரசரப்பு மட்டும் நாலாபுறமும் கேட்டது. சோளத் தாள் உரசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"தங்கச்சி! உங்க வீட்டுப் பன்னியெல்லாம் இப்ப எனக்கு விருந்தாளி. அப்படி என்னத்தப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே ஒரு நாள் காலையில் பக்கத்து நிலத்துக்காரர் வந்தார். கோட்டருகே கால் வைத்ததும் தும்மினார். மறுபடி தும்மினார். சிரிப்பு நின்றது. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார், கண்கள் பிதுங்கின, தள்ளாடிப் பின்னால் போய் விழுந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"அதக் கூட்டி எரிச்சிடு, தங்கச்சி."

"அறுப்பு முடியட்டும்ண்ணே. முடிஞ்சதும் எரிச்சிடறேன்."

"அறுக்கறதுக்கு ஆள் வேணாமா? யார உள்ள விடும் அது?"

அவர் போன பிறகு அவள் துடைப்பத்தை எடுத்தாள். அப்போதுதான் உள்ளிருந்து கணவன் கூப்பிட்டான்.

"நேத்து ராத்திரி நீ தடவிவிட்டதுல வலியே தெரியல. தினமும் அப்படியே தடவிவிடு."

இரவெல்லாம் அவள் பரண்மீது இருந்தாள். "நானா?" என்றாள்.

"பின்ன? எனக்கென்ன ரெண்டு பொண்டாட்டியா?"

அவன் சிரித்தான். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. கட்டுத்துணியை அவிழ்த்தாள். சீழ் வற்றியிருந்தது, புண்ணின் ஓரங்களில் இளஞ்சிவப்பாகச் சதை கூடியிருந்தது. கிழிந்த தோலின் இரு கரைகளையும் நெருக்கமாக, அழகாக, ஒரு பிசகும் இல்லாமல், யாரோ தைத்திருந்தார்கள். நூலால் அல்ல. கருமையான, நீளமான, ஒற்றை முடியால்.

அவளுடைய முடி தோளைக்கூடத் தொடாது. பாதி நரைத்தும் விட்டது.

தலைமாட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். 'வாலு' என்பது வீட்டில் அவளுக்கு வைத்த செல்லப்பெயர். தலைவாரிக்கொள்ள ஒரு நாளும் அடங்கி உட்காராதவள். அவளுடைய இரட்டைப் பின்னல்கள் இறுகப் பின்னப்பட்டிருந்தன.

"யாருடி பின்னிவிட்டது?"

"நீதான். நான் தூங்கறப்ப பின்னுனியே. உன் கை ஏம்மா அவ்வளவு ஜில்லுன்னு இருந்துச்சு?"

அவள் புண்ணைப் பார்த்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியை மறுபடி சுற்றிக் கட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். இன்னும் சில நாட்கள். கதிர் முற்றட்டும், காலும் ஆறட்டும். பிறகு ஒரு முடி விடாமல் எரித்துவிடலாம். ஆனால் இனி பரணுக்குப் போவதில்லை. இரவில் வீட்டிலேயே, மகளுக்கும் கணவனுக்கும் நடுவில் படுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

போர்வையும் விளக்கும் பரண்மீது இருந்தன. பொழுது சாயும் வேளையில் அவற்றை எடுத்துவரப் போனாள். போகும்போது கோடு பரணுக்கு வெளியே, வெகு தூரத்தில் கிடந்தது. இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். அதன்பிறகுதான் ஏணியில் ஏறினாள். ஏறியவளுக்குக் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கதிர், குழந்தையின் முன்னங்கை அளவுக்குப் பருத்துத் தொங்கியது. முற்றிவிட்டதா என்று பார்க்கும் ஆசையில் அதை ஒடித்துத் தோலை உரித்தாள். மணிகள் நெருக்கமாக, பால்வெள்ளையாக, வரிசை தப்பாமல் இருந்தன. அவற்றைப் போர்த்தியிருந்த குஞ்சம் கறுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

கதிரைக் கீழே எறிந்தாள். அது விழும் ஓசை கேட்கவில்லை. சரசரப்புத்தான் கேட்டது. இந்த முறை மெல்ல அல்ல. நிலம் முழுவதையும் ஒரு பெரிய சீப்பு வாரிக்கொண்டு போவதைப் போல, பரணின் கால்களுக்கு அடியில், அவளைக் கடந்து, வீட்டை நோக்கி.

போர்வையை அள்ளிக்கொண்டு இறங்கி ஓடினாள். இலைகள் முகத்தை அறுத்தன. போர்வை எங்கோ விழுந்தது. வீட்டு விளக்கு தெரிந்தது. வாசல் தெரிந்தது. வாசலைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்கு, கறுப்பாக, பளபளப்பாக, அது தெரிந்தது.

தாண்டிவிடலாம் என்று காலை எடுத்துவைத்தாள்.

மூக்கினுள் ஏதோ ஏறிற்று. தொண்டைக்குள் இறங்கிற்று. மூச்சு நின்றது. கண்ணுக்குள் இருட்டு. கைகளை ஊன்றி விழுந்தாள், பின்னால் ஊர்ந்தாள், காற்று வந்தது. மறுபடி போனாள். மறுபடி அடைத்தது. பின்பக்கம் ஓடினாள். அங்கும் அது இருந்தது. கொல்லைக் கதவு. அங்கும். ஒரு விரற்கடை இடைவெளி இல்லை.

"என்னங்க!" என்று கத்தினாள். சொல் வெளியே வரவில்லை. தொண்டையில் சிக்கிய முடியைத் துப்ப அவள் திணறியபோது எழுந்தது ஓர் உறுமல்தான்.

சன்னலில் ஒரு நிழல் வந்து நின்றது. கணவன். கட்டிலில் அல்ல, இரண்டு காலில். எதையும் பிடிக்காமல், நிமிர்ந்து, முன்பு நின்றதைப் போல. அந்த ஒரு கணம் அவளுக்கு எல்லாம் மறந்தது. நெஞ்சு நிறைந்து கண்ணீர் வந்தது.

"அம்மா! அங்க பாரு, பன்னி!" என்றது வாலுவின் குரல்.

வீட்டின் உள்ளே திரும்பித்தான் குழந்தை அதைச் சொன்னாள்.

கதவு திறந்தது. கணவன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிறிதும் நொண்டாமல் வெளியே வந்தான். பின்னால் மகள். விளக்கொளியில் அவளுடைய தலை வெளுப்பாக மின்னியது. ஒரு முடி இல்லை. ஒட்டச் சிரைத்திருந்தது. அவளுடைய இரட்டைப் பின்னல்களும் மடித்துப் பிடித்த பாவாடைக்குள் கிடந்தன. அவற்றைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சிந்தாமல் சிதறாமல் அவள் தூவிக்கொண்டு வந்தாள்.

"நெருக்கமா போடு, வாலு. அம்மா சொல்லிக் குடுத்தாளே, அந்த மாதிரி."

கோட்டுக்கு வெளியே மண்டியிட்டிருந்தவள் கையை நீட்டினாள். முடிந்த மட்டும் நீட்டினாள்.

குழந்தை நிமிர்ந்து, நேராக அவளுடைய கண்களைப் பார்த்தாள். "அப்பா, இது ஏம்ப்பா அழுவுது?"

"பன்னி எங்கயாவது அழுமா? கல்ல எடுத்துட்டு வரேன், நீ நிறுத்தாம போடு."

குழந்தை மறுபடி குனிந்தாள். வாசலின் இருட்டிலிருந்து, மண்டியிட்டிருந்தவளின் பழைய சேலையை உடுத்திய ஒருத்தி, தரையில் புரளும் கூந்தல் முகத்தை மூடியிருக்க, வெளியே வந்து குழந்தையின் பின்னால் நின்றாள். ஈரம் சொட்டும் நீண்ட விரல்களால் அந்தச் சின்ன மொட்டைத் தலையை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.