வழுக்கிய வாக்குமூலம்

தடால்!

பாத்ரூமுக்குள் கேட்ட சத்தத்துக்கு மகள் பதறி ஓடி வந்தாள். கதவைத் தள்ளினாள்.

ஈரத் தரையில் விழுந்து கிடந்தார் அப்பா. தலையில் ரத்தம். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை...

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை எடுத்துப் போர்த்தினாள். அந்த ஒரு நொடியில், முப்பத்திரண்டு வருடம் போலீஸில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவருக்கு, செத்தே போயிருக்கலாம் என்று தோன்றியது.

"எப்படிப்பா விழுந்தீங்க?"

"விழலை. யாரோ... பின்னாலேர்ந்து தள்ளிட்டான்."

வாய் முந்திக்கொண்டது.

யாரும் தள்ளவில்லை. சோப்பு நுரையில் கால் வழுக்கியது, அவ்வளவுதான். சுவரில் கைப்பிடி போடலாம், வழுக்காத மிதியடி விரிக்கலாம், உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி வாங்கலாம் என்று மூன்று மாதமாக மகள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் என்ன நோயாளியா என்று எரிந்து விழுந்தவர் அவர். அன்று காலையில்கூட, அவள் வரவழைத்த பிளம்பரை அளவெடுக்க விடாமல் விரட்டியடித்திருந்தார்.

மண்டையில் நாலு தையல். விஷயம் ஸ்டேஷனுக்குப் போனது.

வந்த பெண் இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். காயத்தைப் பார்த்தாள். பாத்ரூமைப் பார்த்தாள். காலையில் நடந்த சண்டையை மகள் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

அவர் கட்டுப் போட்ட தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் போன் அலறியது.

"ஐயா, அந்த பிளம்பர் ஸ்டேஷன்ல இருக்காரு. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

தான் சொன்ன பொய்க்கு அவன் மாட்டிக்கொண்டானா?

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் படியேறினார். பெஞ்சில் இருந்த பிளம்பர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"ஐயா, அடி பலமா? நீங்க திட்டினாலும் பரவாயில்லன்னு நேத்தே கைப்பிடியை மாட்டிட்டுப் போயிருக்கணும். என் தப்புதான்."

எத்தனையோ பேரை இதே மாதிரி பெஞ்சில் உட்கார வைத்து உண்மையைக் கக்க வைத்தவர்... கூனிக் குறுகிப் போனார்.

"பாவம், அவனை விட்டுடும்மா. யாரும் என்னைத் தள்ளலை. நானேதான் வழுக்கி விழுந்தேன். பெத்த பொண்ணு முன்னாடி அப்படிக் கிடந்தேனா... சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

மகள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் ஐயா" என்றாள் இன்ஸ்பெக்டர். "பின்னாலேர்ந்து தள்ளினா மூஞ்சியிலதான் அடிபடும். உங்களுக்குத் தையல் பின்மண்டையில."

"அப்புறம் எதுக்கும்மா இவனைப் பிடிச்சே?"

"பிடிக்கலையே! உங்க பொண்ணுகிட்ட நம்பர் வாங்கி வேலைக்குக் கூப்பிட்டேன். இங்க பாத்ரூம்ல கைப்பிடி போடணும்."

"இங்க யாருக்கு?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத்தான். போன மாசம் உள்ளே வழுக்கி விழுந்தேன். திருடனைத் துரத்துறப்ப விழுந்ததா எழுதிட்டேன்... வர்ற வாரம் மெடல் குத்தப் போறாங்க ஐயா!"