பாதியில் பிடுங்கிய படம்

"ஐயோ... அப்பா!"

அலறியது மகள்.

பாட்டு நின்றது. பட்டறை மொத்தமும் மூலைப் பக்கம் திரும்பியது.

திரைக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் செருப்பு. இன்னொரு செருப்பு இரண்டடி தள்ளி!

பெரிய முதலாளி செத்துக் கிடந்தார். பழைய லிஃப்ட் பெட்டிக்குள்... போட்டோவுக்காகப் போட்ட ஸ்டூலுக்குப் பக்கத்தில்!

பின்மண்டையில் ரத்தம். அருகே நொறுங்கிப் போன டேப்லெட். மூடிய வலது கைக்குள் போட்டோ எடுக்கிற ரிமோட் பட்டன்.

லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற கம்பெனி அது. இருபத்தைந்தாவது வருஷ விழா. பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்ட வேண்டிய ஆள், பதினொன்றரைக்குப் பிணம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் தொப்பை. பிறகு அவர்.

"இந்தப் போட்டோக் கூடாரத்தைப் போட்டது யாரு?"

"நான்தான்."

சொன்னவள் ரிசப்ஷனிஸ்ட். பட்டப்பெயர் சிடுமூஞ்சி. எட்டு மாசமாக அவள் பல் தெரியச் சிரித்து எவனும் பார்த்ததில்லை.

காரணம் வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன். இதே கம்பெனியில் மெக்கானிக். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் இறங்கியதில் வலது கால் முழங்காலோடு போயிற்று. 'ஆள் அஜாக்கிரதை' என்று கம்பெனி எழுதி, ஃபைலை மூடிவிட்டது. கால் போனதைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவளை அறுத்தது.

"போட்டோவுக்கு ஆள் கிடைக்கலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கிடைச்சான். 'இன்னும் கொஞ்சம் சிரிங்க மேடம்'னு உயிரை வாங்குவான். நானே போட்டுக்கறேன்னு சொல்லிட்டேன்."

போட்டிருந்தாள். காலை எட்டு மணிக்கே வந்து, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் கிடந்த லிஃப்ட் பெட்டியைக் கழுவித் துடைத்தாள். பின்சுவரில் இஸ்திரி போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு. வாசலில் திரை. திரையை ஒட்டி ஒரு ஸ்டாண்ட். அதில் வளைய விளக்கு, நடுவில் டேப்லெட். கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் கையடக்க பிரிண்டர். வயரில் யார் காலும் தடுக்காமல் இருக்க டேப். ஸ்டூலில் உட்கார வேண்டியது, ஸ்கிரீனில் தன் மூஞ்சியைப் பார்க்க வேண்டியது, பட்டனை அமுக்க வேண்டியது. ஒரு நிமிஷத்தில் படம் கையில்!

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுமா?"

"எண்ணினா எல்லாரும் மூஞ்சியை விறைச்சுக்குவாங்க. அந்த எண்ணிக்கையை எடுத்துட்டேன். அமுக்கினா உடனே படம்."

"யார் யார் எடுத்துக்கிட்டாங்க?"

"யாரும் இல்லை. பன்னெண்டுக்குத்தான் திறப்பு. சோதிக்கறதுக்கு நான் மட்டும் ரெண்டு படம் எடுத்தேன்."

பெண் கான்ஸ்டபிள் ஒரு துணிப்பையைத் தூக்கி வந்தாள். ஒரு முனையில் ரத்தம்.

"சார், இதாலதான் அடிச்சிருக்கான்."

"என்ன இது?"

"ஸ்டாண்ட் சாயாம இருக்கக் கட்டின எடை" என்றாள் சிடுமூஞ்சி. "உள்ளே நட்டு போல்ட்டு. நான் தைச்சது."

"துணி ஏது?"

"எங்க வீட்டுக்காரர் பேண்ட். வலது கால். அவருக்கு இப்போ அது தேவையில்லை."

கான்ஸ்டபிள் பையை மெல்லக் கீழே வைத்தாள்.

குதித்தது மாப்பிள்ளை. பெரியவரின் மகளைக் கட்டியவன். கோட்டு, டை, அதற்கு மேல் கோபம்.

"இன்னும் என்ன சார் வேணும்? காலையில மாமா ரூம்ல நின்னு கத்தினா. நாங்க எல்லாரும் கேட்டோம். கையில விலங்கை மாட்டுங்க!"

"கத்தினேன்" என்றாள் அவள். குரல் இறங்கவே இல்லை. "உன் புருஷனைக் கண்டிப்பா கூட்டிட்டு வான்னார். எதுக்கு, வேடிக்கை காட்டவான்னு கத்தினேன். அப்புறம்தான் சொன்னார். எல்லார் முன்னாடியும் ஒரு கடிதம் படிக்கப் போறேன், உன் புருஷன் தலை நிமிரும்னார். சட்டைப் பையில தட்டிக் காட்டினார்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பிணத்தின் பையைத் தடவினார்.

காலி.

"கடிதம் எங்கேம்மா?"

"கொன்னவனைக் கேளுங்க! என்னை ஏன் கேக்கறீங்க?"

"திமிரைப் பார்த்தீங்களா சார்? ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கா?"

"அழுதா நம்பிடுவீங்களா? மாட்டீங்க இல்ல? அப்புறம் எதுக்கு வீணா அழணும்?"

வாசலில் ஊன்றுகோல் டொக் டொக்கென்றது.

"சார்... அவளை விட்டுடுங்க. நான்தான் செஞ்சேன்."

"வாயை மூடிக்கிட்டு உட்காருங்க!" என்று சீறினாள் சிடுமூஞ்சி. "கோலைப் பிடிக்கவே உங்களுக்கு ரெண்டு கை பத்தலை. இதுல மூணாவது கையால அடிச்சீங்களாக்கும்!"

கான்ஸ்டபிள் சிரிப்பை விழுங்கினாள்.

அப்போதுதான் சின்ன முதலாளி வந்தார். செத்தவரின் தம்பி. தும்பைப்பூச் சட்டை, அழுது சிவந்த கண். வேலைக்காரர்களுக்கெல்லாம் செல்லப்பிள்ளை. கை கூப்பினார்.

"இன்ஸ்பெக்டர் சார், போனது என் கூடப்பிறந்த அண்ணன். இருந்தாலும் சொல்றேன், இந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லை. எவனோ வெளியாள் புகுந்துட்டான். பாவம், ஏற்கெனவே நொந்து போனவ. இவளைப் போய்..."

"அப்படிச் சொல்லுங்க" என்று ஒரு கிழட்டு வெல்டர் மூக்கைச் சிந்தினான்.

"இவ என்ன பண்ணுவா? ஆசைப்பட்டு ஒரு மெஷினை வாங்கி வெச்சா. அதுவும் கோளாறு பிடிச்சது. மஞ்சக் காகிதத்தைத் துப்பிக்கிட்டு... நீ கவலைப்படாதேம்மா, நான் இருக்கேன்."

தலையைத் தடவினார்.

கத்துகிறவன் கத்திவிட்டுப் போய்விடுவான். தடவுகிற கையைத்தான் ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும்.

அவள் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க சின்ன முதலாளி?"

"நான் இருக்கேன்னு..."

"அதுக்கு முன்னாடி. என்ன காகிதம்?"

"மஞ்ச... அது... காலையில நீ சோதிச்சப்போ எட்டிப் பார்த்தேன்மா."

"பார்த்திருக்கலாம்" என்றாள். கைப்பையைத் திறந்து இரண்டு போட்டோக்களை எடுத்து நீட்டினாள். இரண்டிலும் அவள். இரண்டிலும் சிரிப்பில்லை. நிறமெல்லாம் சுத்தம். "இந்தப் பிரிண்டர் ஒரே மூச்சுல அடிக்காது சார். காகிதம் வெளியே வரும், உள்ளே போகும், நாலு தடவை. முதல் சுத்துல மஞ்சள் மட்டும் ஏறும். அடுத்தது சிவப்பு. அடுத்தது நீலம். கடைசியா பளபளப்பு."

"சரி..."

"காலையில இவர் எட்டிப் பார்த்திருந்தா, மஞ்சளா வந்தது மறுபடி உள்ளே போய் முழுப் படமா வந்ததையும் பார்த்திருப்பார். கோளாறுன்னு சொல்ல மாட்டார். மஞ்சளா இருக்கும்போதே பயந்து போய்ப் பிடுங்கினவனுக்குத்தான் சார், அது கோளாறு!"

பட்டறை மொத்தமும் சின்ன முதலாளி பக்கம் திரும்பியது.

"சித்தப்பா?" என்றாள் மகள்.

"ஏம்மா, உனக்காகப் பரிஞ்சு பேசினதுக்கு நல்ல கூலி!" சின்ன முதலாளி சிரித்தார். உதடு மட்டும். "படம் எடுத்த டேப்லெட் தூள். பிடுங்கினதா சொல்ற காகிதமும் இல்லை. எதை வெச்சும்மா பேசறே?"

"ரிப்பனை வெச்சு."

"எ... என்ன ரிப்பன்?"

அவள் குனிந்தாள். பிரிண்டரின் பக்கவாட்டு மூடியைத் தட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வெளியே வந்தது. இழுத்தாள். கண்ணாடிக் காகிதம் போல நாடா நீண்டது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கட்டம் கட்டமாக.

"இதிலிருந்துதான் சாயம் காகிதத்துக்குப் போகும். போன இடம் வெளுத்து, படத்தோட அச்சு இதுலேயே தங்கிடும். இது என் முதல் படம். இது ரெண்டாவது. இது மூணாவது. மஞ்சள் கட்டம் மட்டும் ஓடியிருக்கு. அடுத்த சிவப்புக் கட்டம் புத்தம் புதுசு. பாதியில பிடுங்கியிருக்கான்!"

இன்ஸ்பெக்டர் மஞ்சள் கட்டத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணையும் சுருக்கினார்.

"வெறும் மஞ்சள்தாம்மா. ஒரு மண்ணும் தெரியலை."

சின்ன முதலாளி மூச்சு விட்டார். "நான்தான் சொன்னேனே..."

"இருங்க. எனக்கு அவசரமில்லை."

நாடாவை வாங்கி வளைய விளக்கின் முன்னால் பிடித்து, அதன் பட்டனை அமுக்கினாள். விழாவுக்கென்று வாங்கிய கலர் விளக்கு. சிவப்பு... பச்சை...

நீலம்!

மஞ்சள் கட்டம் சட்டென்று இருண்டது. இருட்டுக்குள் வெளிச்சக் கோடுகள் கிளம்பின. நெகட்டிவ் போலத் தலைகீழாக. கறுப்பு முடி வெளுப்பாக, வெள்ளை விரிப்பு கறுப்பாக.

ஸ்டூலில் பெரியவர். கண்கள் ஸ்கிரீனில். அவருக்குப் பின்னால் ஓங்கிய இரண்டு கைகள்... கைகளில் ஒரு பேண்ட் கால்... கைகளுக்கு நடுவே ஒரு முகம்!

"பெரியவர் ஸ்கிரீன்ல பார்த்திருக்கார்" என்றாள் மெதுவாக. "திரும்ப நேரமில்லை. பட்டனை அமுக்க நேரம் இருந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் செல்போனில் அதைப் படம் பிடித்து, கறுப்பு வெளுப்பை மாற்றிப் போட்டார். பார்த்தார். பிறகு சின்ன முதலாளியைப் பார்த்தார்.

பாய்ந்தார் சின்ன முதலாளி!

நாடாவை ஒரே பிடுங்கு. வாசலை நோக்கி ஓட்டம். கான்ஸ்டபிள் எட்டிப் பிடிக்க... சட்டைக் கை மட்டும் கிழிந்து வந்தது.

வாசலில் ஊன்றுகோல் ஒன்று குறுக்கே நீண்டது.

தடால்!

"தடுக்கி விட ஒத்தக் கால் போதும் முதலாளி" என்றான் மெக்கானிக்.

கான்ஸ்டபிள் அவர் முதுகில் முழங்காலை ஊன்றினாள். காலுறையைத் தடவினாள். நாலாக மடித்த கடிதம். கூடவே கசங்கிய மஞ்சள் காகிதம்.

மகள் கடிதத்தைப் பிரித்தாள்.

"'அந்த லிஃப்டின் பிரேக் தேய்ந்திருப்பதை இதே மெக்கானிக் இரண்டு முறை எழுதிக் கொடுத்தான். பார்க்காமலே சரியென்று கையெழுத்துப் போட்டது என் தம்பி. பழியை மெக்கானிக் மேல் போட விட்டது என் தப்பு...'"

அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை.

"சத்தமா படிங்க மேடம்" என்றாள் சிடுமூஞ்சி. "எல்லார் முன்னாடியும்னு அவர் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படிங்க!"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். கடைசி வரி வரை. கிழட்டு வெல்டர் எழுந்து போய் மெக்கானிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மாப்பிள்ளை டையைத் தளர்த்தினான். "நான்... அது வந்து... ஏதோ கோபத்துல..."

"பரவாயில்லை. நீங்க மூஞ்சிக்கு நேரா திட்டினீங்க."

சின்ன முதலாளியைத் தூக்கி நிறுத்தினார்கள். விலங்கு விழுந்தது. அவளைக் கடக்கும்போது பல்லைக் கடித்தார்.

"ஒரு பொம்மை மெஷினை வெச்சு என்னை மாட்டிட்டேல்ல?"

எட்டு மாசத்தில் முதல் தடவையாகச் சிடுமூஞ்சி பல் தெரியச் சிரித்தாள்.

"கவலைப்படாதீங்க சின்ன முதலாளி. ஸ்டேஷன்ல பெரிய மெஷின் இருக்கும். நேரா ஒரு படம், சைடுல ஒரு படம். நடுவுல மட்டும் பிடுங்கிடாதீங்க!"