ருவேலின் வலது கை

காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்ததும் வலது கையை முழங்கை வரை நரம்புறைக்குள் விட வேண்டும். உள்ளே ஜில்லென்று இருக்கும். ஒரு நிமிடம் விரல்கள் மரத்துப்போகும். பிறகு அவை என்னுடையவை அல்ல. தூரிகையை எடுப்பவர் பஸ்தியான் ருவேல். பிரான்ஸில் ஏதோ ஒரு துறைமுக ஊரில் இருந்துகொண்டு படகும் தண்ணீருமாக வரைந்து தள்ளிய மனிதர். செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் புதுச்சேரி ஆக்னஸ். மீன் ஆயத் தெரியும், படம் போடத் தெரியாது. அதற்காகவே என்னை எடுத்தார்கள். சொந்தப் பழக்கம் உள்ள கை குறுக்கே இழுக்குமாம்.

எந்திரக் கை போட்ட படத்தை இப்போது நாய்கூடச் சீந்துவதில்லை. உயிருள்ள நரம்பு வழியாக இறங்கிய ஓவியத்துக்குத்தான் முத்திரை. அதனால் கடற்சுவருக்குப் பின்னால் எங்கள் தெருவில் மட்டும் பதினோரு கைக்கூடங்கள். ஓவியரின் கடிதங்கள், பாதியில் விட்ட படங்கள், வண்ணம் அப்பிய கனம் எல்லாவற்றையும் வைத்து அவர் வாழ்க்கையைக் கணினிக்குள் மறுபடி ஓடவிடுகிறார்கள்; அதற்கு வாழ்வோட்டம் என்று பெயர். ருவேலுக்கு அது பத்தொன்பது வயதில் தொடங்கியது, வாரத்துக்கு ஒரு வயது. அவர் பட்டதையெல்லாம் மறுபடியும் படவிட்டால்தான் அவர் வரையாமல் விட்ட படம் வருமாம்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி. கைக்காரர் அந்த வாழ்க்கையைப் படிக்கக் கூடாது. வரப்போவது தெரிந்தால் கை தயங்கும், படம் கெட்டுப்போகும். என் கண்வில்லையில் ருவேல் என்ற பெயர் வரும் இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. செத்தவர் கதை எனக்கு எதற்கு?

என் புருஷன் கபிரியேலுக்கு அந்தத் தடை கிடையாது. அவன் கடற்சுவரில் நீரேற்றி பார்ப்பவன். இரண்டு வாரமாக அவன் போக்கே சரியில்லை. எங்கள் ஆறு வயது மகள் லீமாவைச் சாயங்காலம் சுவரோரம் கூட்டிப்போவது எப்போதும் நான்தான். இப்போது, "நீ ரெஸ்ட் எடு, நான் போறேன்" என்று முந்திக்கொள்கிறான். தன் காபியைக்கூடத் தானே எடுத்துக் குடிக்காத ஆள்! வியாழக்கிழமை மதியம் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்த மறைக்கிற? வேற எவளாவதா?"

"ச்சீ, உன் வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க!" என்றான். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "உன் ருவேலுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு ஆக்னஸ். ஒதேத்னு பேரு. ஆறு வயசு. படகுத்துறையில அது கையப் புடிச்சிக்கிட்டு நின்னவரு, வெளிச்சம் போயிடப்போவுதேன்னு பென்சில் எடுக்க ஒரு நிமிஷம் கைய விட்டாரு. அவ்ளோதான். தண்ணியில போயிடுச்சு."

"அப்ப அவருக்கு என்ன வயசு?"

"நாப்பது."

விரல்விட்டு எண்ணினேன். இந்த வாரம் அவருக்கு முப்பத்தெட்டு.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியே, பாவி."

"சொன்னா உனக்கு வேலை போயிடுமேன்னு பார்த்தேன். கை மட்டுந்தானே, என்ன வந்துடப்போவுதுன்னும் நெனச்சேன். ஆனா நீ பாப்பாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்புறப்ப மனசு கேக்கல."

கை மட்டும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது கொஞ்ச நேரம் அவருடையதாகவே இருக்கும் என்பது கைக்காரர் எல்லாருக்கும் தெரியும். டம்ளரை அவர் மாதிரி பிடிப்பேன். உப்புப் போடும்போது கட்டைவிரல் தானாக எதையோ தேய்க்கும். லீமா விழுந்து விழுந்து சிரிப்பாள். பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்றால் மற்றது ஒட்டாதா?

மறுநாள் காலை நரம்புறைப் பக்கமே போகாமல் மேற்பார்வையாளர் வைத்திலிங்கத்தின் அறைக்குப் போனேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு லீமாவுக்குக் கேக் அனுப்புபவர்.

"சார், நான் நின்னுக்கறேன். அவரோட நாப்பதாவது வயசுக்கு என் கை வராது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சிட்டியாம்மா?"

"கேட்டேன்."

கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்தார். "நீ அதுக்கு வரவேண்டியதில்லம்மா. அது முடிஞ்சிருச்சு."

"எது முடிஞ்சிருச்சு?"

"நாப்பது. வாங்கறவங்க அவசரப்படுத்துனாங்க. போன திங்கக்கிழமை அத முன்னாடி இழுத்து ஓட்டிட்டோம். அந்தக் கருநீலத் தண்ணி படம், யாருமே இல்லாத படகுத்துறை."

அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது. நல்லா வந்திருக்கு சார் என்று வாயாரச் சொன்னதே நான்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சா கை பயப்படும்மா."

"இப்ப என் கையில என்ன சார் இருக்கு?"

"எனக்குத் தெரியல," என்றார். "சின்னக் கொழந்தை இருக்கிற யாரையும் இதுக்கு முன்னாடி இப்படிக் கொழந்தையப் பறிகொடுத்த வயசுல உட்காரவெச்சதில்ல."

திங்கட்கிழமையிலிருந்து நான் லீமாவின் கையைப் பிடித்தேனா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். இல்லை. பள்ளிக்கூடம், சாயங்கால நடை எல்லாம் கபிரியேல்தான். அப்படியே ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கண்ணால் ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருந்தது. இடைவேளை மணி அடித்து லீமா வாசலுக்கு ஓடி வந்தாள். பார்த்த பிறகு விட்டுவிட்டுப் போக மனசில்லை; டீச்சரிடம் சொல்லி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினேன்.

"அந்தப் பக்கம் ரோடு இருக்கும்மா," என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, சுற்றி வந்து துப்பட்டாவுக்குள் கையை விட்டாள். என் விரல்களைப் பிடித்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

வீடு வரை ஒன்றுமில்லை. கதை பேசிக்கொண்டே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவள், "விடும்மா" என்றாள். விட்டுவிடு என்று கைக்குச் சொன்னேன். அது கேட்கவில்லை. இடது கையால் சுண்டுவிரலை நிமிர்த்தினேன்; அடுத்த விரலுக்குப் போவதற்குள் திரும்ப மடங்கிக்கொண்டது.

"அம்மா, வலிக்குதும்மா!"

சத்தம் கேட்டு கபிரியேல் ஓடி வந்தான். எங்கள் இரண்டு பேரின் மணிக்கட்டையும் பிடித்துப் பிரிக்கப் பார்த்தான். லீமாவின் விரல் நுனிகள் வெளுத்துப்போய்விட்டன, அவள் ஓவென்று அழுகிறாள், நானும் அழுகிறேன். திடீரென்று அவன் இழுப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"ஆக்னஸ், நெசமா சொல்லு. நீ விடணும்னு நெனைக்கிறியா?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.